சபையில் கேட்டவள்

பங்குனி பிறந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்து ஊர்களில் பாரதம் தொடங்கிவிடும். திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேற்றம், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் என்று நாட்கணக்கில் நடக்கும் விழா அது. இந்த வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபெய்டல், 1988இல் வெளிவந்த தம் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயில் அங்கேதான் இருக்கிறது என்பது இந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை. பாரதப் போருக்குப் பின் செஞ்சியை ஆண்ட சுனீதன் என்ற அரசனை நூறு தலை அரக்கன் ஒருவன் வருத்தினானாம். திரௌபதி இந்தக் காட்டில் மறுபடி பிறந்து வந்து அவனை அழித்து நாட்டைக் காத்தாளாம்.

பகைவனிடமிருந்து மண்ணைக் காப்பது தேசபக்தி என்றால், செஞ்சியின் கதைகளில் வரும் முதல் தேசபக்தை திரௌபதிதான். அதே திரௌபதிதான், துகிலுரிப்பு நடக்கும் இரவில் ஓர் அரசவையையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறாள். ஊரைக் காத்தவளும் சபையைக் கேட்டவளும் ஒரே பெண் என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. தேசத்தின் பெயரால் இன்று பேசுகிறவர்களுக்குத்தான் அது முரண்பாடாகத் தெரிகிறது.

அவள் கேட்டது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் இரக்கத்தைக் கேட்கவில்லை, சட்டத்தைக் கேட்டாள். தருமன் தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா? தன்னையே இழந்து அடிமையாகிவிட்டவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? பீஷ்மர், தருமம் நுட்பமானது என்று நழுவுகிறார். துரோணர் வாய் திறக்கவில்லை. பதில் சொல்ல முடியாத சபை அடுத்து என்ன செய்கிறது? கேள்வி கேட்டவளின் சேலையில் கை வைக்கிறது. பெண்ணின் கேள்விக்குப் பதில் இல்லாதபோது பேச்சை அவள் உடலின் பக்கம் திருப்பிவிடும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

பெயரில்லாத ராணி

செஞ்சிக்கு வருகிறவர்கள் திரௌபதியைக் கேட்டு வருவதில்லை. ராஜா தேசிங்குவைக் கேட்டுத்தான் வருகிறார்கள். தேஜ் சிங் என்ற புந்தேல ராஜபுத்திர இளைஞனின் பெயர் தமிழ் நாவில் தேசிங்கு ஆயிற்று. அவனுடைய தந்தை சரூப் சிங்கிடம் செஞ்சியை ஒப்படைத்தவர் ஔரங்கசீப். 1714இல் தந்தை இறந்தபின் கோட்டைக்கு உரிமை கொண்டாடி வந்த தேஜ் சிங்குக்கும், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கும் கப்பப் பாக்கியில் தொடங்கிய தகராறு போராக முற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் தேஜ் சிங் களத்தில் இறந்தான். அவனுக்காகப் போரிட்டு உயிர் விட்ட நண்பன் மகபத் கான் ஒரு முஸ்லிம். போரின் இரு பக்கமும் தில்லி பாதுஷாவின் பெயரைச் சொல்லித்தான் உரிமை பேசியது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த போர் என்றோ, தேச விடுதலைப் போர் என்றோ இதைச் சொல்ல வழியில்லை. ஆனாலும் நாட்டுப்புறக் கதைப்பாடலும் நாடகமும் சினிமாவும் சேர்ந்து தேசிங்குவை நம் வீரனாக்கிவிட்டன. மக்கள் யாரை வேண்டுமானாலும் நேசிக்கலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோட்டைக்குள் செட்டிக்குளத்தின் கரையில் ஒரு மேடையைக் காட்டுவார்கள். தேசிங்குவின் சிதை எரிந்த இடம் அது, அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் அங்கேதான் என்பார்கள். அவளுடைய சாவைக் கேட்டு மனம் நெகிழ்ந்த நவாப், அவள் நினைவாக ஓர் ஊரை உண்டாக்கியதாகவும் அதுதான் இன்றைய ராணிப்பேட்டை என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 2019இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "தேசிங்கு குதிரைக்கே பாராசாரின்னு பேர் சொல்றீங்க. அந்த ராணிக்குப் பேர் இல்லையாம்மா?"

ராணிபாய் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பெயரல்ல, இரண்டு மரியாதைச் சொற்களைச் சேர்த்து வைத்தது. ஒரு மாவட்டத்துக்கே பெயர் கொடுத்தவளின் பெயர் நமக்குத் தெரியாது. அவள் நெருப்பை விரும்பினாளா, பயந்தாளா, யாராவது தள்ளினார்களா? அவளுடையது என்று சொல்ல ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை. நமக்கு வந்து சேர்ந்தது அவள் செத்த விதம் மட்டும்தான். எரிந்தவளுக்குப் பேட்டை வைத்துக் கொண்டாடியவனும் கணவனைக் கொன்ற பகையாளியே. அரசியலில் எதிரெதிராக நின்ற ஆண்கள், பேசாமல் செத்த பெண்ணைப் புகழ்வதில் மட்டும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய இராணுவ நிலவெளிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். கட்டியவர்கள் யார், யார் பெயரில் பட்டியலிடுவது என்று விவாதங்கள் கிளம்பின. கோனார் மரபினர், விஜயநகரத்து நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று அடுத்தடுத்துக் கொடி மாறிய கோட்டை இது. எந்தக் கொடிக்கு விசுவாசமாக இருப்பது தேசபக்தி என்று இந்த மலையைக் கேட்டால் அது என்ன சொல்லும்? கொடிகள் மாறிக்கொண்டே இருந்தபோது தண்ணீர் சுமந்தவர்களும் கல் சுமந்தவர்களும் முற்றுகையில் பட்டினி கிடந்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஆனால் வாதாடுகிற எந்தத் தரப்பும் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

அச்சுக்குக் கொண்டுவந்த கைகள்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அந்தப் புதுச்சேரிக்குத்தான் 1908இல் பாரதி தப்பிப் போனார். 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை வந்ததும், 1910இல் பத்திரிகை நின்றுபோனது. அந்தக் கட்டாய மௌனத்தின் நடுவில்தான் 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் வெளிவந்தது. அதில் வரும் பாஞ்சாலியை அடிமைப்பட்ட பாரத தேசத்தின் உருவமாகவே தமிழர்கள் வாசித்து வந்திருக்கிறார்கள். தேசத்தைப் பெண்ணாக உருவகிப்பதில் பெண்ணியருக்கு நியாயமான சங்கடங்கள் உண்டு. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். படத்தில் நிற்கும் பாரத மாதா பேசமாட்டாள், பாரதியின் பாஞ்சாலி பேசுகிறாள். பீஷ்மரையே பேசுகிறாள். அந்தக் கவிதையில் தேசம் என்பது தன் பெரியவர்களையே கேள்வி கேட்கும் ஒரு பெண்.

பாரதி 1921இல் இறந்தபோது குடும்பம் நின்ற நிலை எல்லாருக்கும் தெரிந்ததே. செல்லம்மாள் பாரதி, பாரதி ஆசிரமம் என்ற பெயரில் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி, 1922இல் 'சுதேச கீதங்க'ளை வெளியிட்டார். தேசபக்திப் பாடல்களின் வரலாறு பேசும்போது எழுதியவரையும் மேடையில் பாடியவர்களையும் சொல்கிறோம். காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் வழி தேடி அந்தப் பாடல்களைப் புத்தகமாக்கிய கைம்பெண்ணைச் சொல்வதில்லை. அக்காலத்தில் கைம்பெண் நாலு பேர் முன் வருவதே குற்றம். அவரோ அரசு வெறுத்த பாடல்களைத் தம் பொறுப்பில் உலகத்துக்கு விட்டார்.

1928இல் பர்மா அரசு பாரதியின் பாடல் நூல்களைத் தடை செய்தது. சென்னை மாகாண அரசும் அதைப் பின்பற்றியது. அப்போது நூல்களை வெளியிட்டு வந்த பாரதி பிரசுராலயத்தின் பிரதிகளைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். அக்டோபரில் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதை எதிர்த்துப் பேசினார். தடைக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியது. இன்று ஆகஸ்ட் 15 அன்று பள்ளிப் பிள்ளைகள் பாடும் பாடல்கள் அன்று ராஜத்துரோகத்துக்கான சான்றுகளாகக் காவல் நிலையத்தில் கிடந்தன.

ஒரே பாட்டு ஓர் அரசுக்குத் துரோகமாகவும் அடுத்த அரசுக்குப் பக்தியாகவும் தெரிந்தால், அளவுகோல் பாட்டில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். 1870இல் தண்டனைச் சட்டத்தில் நுழைந்த 124அ பிரிவு சுதந்திரத்துக்குப் பிறகும் போகவில்லை. 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ராஜத்துரோகம் என்ற சொல்லைக் கைவிட்டது. ஆனால் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிப்பது என்று 152ஆம் பிரிவில் அதைவிட அகலமான சொற்களைக் கொண்டுவந்து வைத்தது.

இன்னொரு பூட்டு

பெண்களைப் பேசவிடாமல் செய்ய ராஜத்துரோகச் சட்டம் பெரும்பாலும் தேவைப்படவில்லை. அவர்களுக்கென்று தனிப் பூட்டு இருந்தது. அதன் பெயர் ஆபாசம்.

தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிம்மரின் அவையில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி, 'ராதிகா சாந்தவனம்' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். கணிகையர் மரபில் வந்தவர். முந்தைய பதிப்பில் பாடல்கள் விடுபட்டிருப்பதைக் கண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள், முழு நூலையும் தேடி 1910இல் பதிப்பித்தார். தெலுங்கு அறிஞர்களே ஆபாசம் என்று கூச்சலிட்டார்கள். 1911இல் அரசு நூலைத் தடை செய்தது. 1947இல் பிரகாசம் முதலமைச்சராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. காமத்தை எழுதிய ஆண் புலவர்களைச் சகித்துக்கொண்டவர்களே பெண் எழுதியதைச் சகிக்கவில்லை. அந்த இரட்டை அளவைச் சுட்டிக்காட்டியது நாகரத்தினம்மாளின் இன்னொரு குற்றம். வெள்ளைக்காரத் துரையும் சுதேசிப் பண்டிதரும் வேறு எதில் சண்டை போட்டாலும் இந்த ஒன்றில் கைகோத்துக்கொண்டார்கள்.

தடை போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. 2002இல் குட்டி ரேவதி தம் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததும் வசையும் மிரட்டலும் கிளம்பின. 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு குறித்துக் குஷ்பு சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவர்மேல் வழக்குகள் போடப்பட்டன. தமிழ்ப் பெண்களின் மானம் போய்விட்டது என்பது புகார். 23 வழக்குகளை ரத்து செய்ய 2010இல் உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தமிழ்ப் பெண்களிடம் யார் போய்க் கேட்டார்கள்? எங்கள் மானத்தைக் கொண்டுபோய் வழக்காகப் போடுங்கள் என்று எந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள்? திரௌபதி கேட்ட கேள்வி இதேதான்: என்னைப் பணயம் வைக்க உனக்கு உரிமை தந்தது யார்?

தேசத்தின் மானம், பெண்ணின் மானம் என்று இரண்டு பூட்டுகள் இருப்பதாக நினைக்கிறோம். பூட்டு இரண்டு, சாவி ஒன்று. பெண் உடலைத் தேசத்தின் உருவமாக்கிவிட்டால், தேசத்தைக் கேட்பவள் ஒழுக்கம் கெட்டவள் ஆகிறாள், உடலைப் பற்றி எழுதுபவள் தேசவிரோதி ஆகிறாள்.

இரண்டாவது திரௌபதி

மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதை இந்தச் சாவியைக் கைப்பற்றிக் காட்டியது. அதில் வரும் தோப்தி மெஜன் சந்தால் பழங்குடிப் பெண். படையினரின் காவலில் வல்லுறவுக்கு ஆளானவள். காலையில் துணியைக் கொடுத்து உடுத்திக்கொள்ளச் சொல்லும்போது மறுக்கிறாள். அதிகாரியின் முன்னால் நிர்வாணமாகவே போய் நிற்கிறாள். காப்பாற்றக் கண்ணன் வராத திரௌபதி அவள். அவமானம் தன்னுடையது அல்ல என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

மணிப்பூரில் 2000இல் ஹைஸ்னாம் கன்ஹாய்லாலின் நாடகத்தில் சாவித்திரி அம்மையார் இந்தப் பாத்திரத்தில் மேடையில் அப்படியே நின்றார். கடும் கண்டனம் எழுந்தது. 2004 ஜூலையில், காவலில் எடுக்கப்பட்ட தங்ஜம் மனோரமா கொல்லப்பட்டுக் கிடந்த சில நாட்களில், தாய்மார்கள் பன்னிரண்டு பேர் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்றார்கள். அசாம் ரைஃபிள்ஸ் படை அப்போது அந்தக் கோட்டைக்குள் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் படை கோட்டையை விட்டு வெளியேறியது. செஞ்சியில் பீரங்கியும் முற்றுகையும் பல ஆண்டுகள் செய்த வேலையை அங்கே ஆயுதமில்லாத தாய்மார்கள் செய்தார்கள். அவர்களைத் தேசவிரோதிகள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வந்தது. 2016இல், மகாசுவேதா மறைந்த சில வாரங்களில், ஹரியானா மத்தியப் பல்கலைக்கழகத்தில் 'திரௌபதி' நாடகமாக நடந்தது. இராணுவத்தை அவமதித்துவிட்டார்கள் என்று போராட்டம் வெடித்தது. நடத்திய ஆசிரியர்கள் விசாரணையைச் சந்தித்தார்கள். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்தில் 'பெண்கள் எழுத்து' என்ற தாளிலிருந்தே அந்தக் கதையை நீக்கியது. அதோடு பாமாவின் 'சங்கதி'யும் சுகிர்தராணியின் இரண்டு கவிதைகளும் போயின. கல்விக்குழு உறுப்பினர்கள் சிலர் மறுப்பு எழுதிக் கொடுத்தும் பயனில்லை. பழங்குடிப் பெண்ணின் கதையும் தலித் பெண்கள் எழுதியவையும் ஒரே கையெழுத்தில் வெளியேறின. போலீஸ் வரவில்லை, தடையாணையும் இல்லை. பாடத்திட்டத்தைத் திருத்தியதாக ஒரு குறிப்பு மட்டும் வந்தது. இன்றைய தணிக்கை பெரும்பாலும் இந்தச் சாந்தமான முகத்தோடுதான் வருகிறது.

சுகிர்தராணி ராணிப்பேட்டை மாவட்டத்து லாலாப்பேட்டைக்காரர். உடலோடு எரிந்து பெயரில்லாமல் போன பெண்ணின் நினைவாக ஒரு மாவட்டம் இருக்கிறது. அதே மாவட்டத்தில் பிறந்து, தன் உடலைத் தன் பெயரில் எழுதிய பெண்ணின் கவிதைகள் பாடப்புத்தகத்தை விட்டுப் போகின்றன. முந்நூறு ஆண்டுகளில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்குப் பார்க்க இதைவிட வேறு சான்று தேவையில்லை. 2023இல் ஒரு விருதை, அதன் புரவலர் நிறுவனம் தன் கொள்கைக்கு ஒவ்வாதது என்று சொல்லி, அவர் மறுத்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேடை ஏற மறுப்பதும் பேச்சுதான்.

விகர்ணனின் பக்கம்

எல்லையில் சிப்பாய் நிற்கும்போது வீட்டுக்குள் கேள்வி கேட்கலாமா என்பார்கள். வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மகனை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் தாய்க்கு, அவன் எதற்காக அனுப்பப்படுகிறான், அவன் கையில் கொடுக்கப்படும் அதிகாரம் யார்மேல் பாய்கிறது என்று கேட்க உரிமையில்லை என்றால் வேறு யாருக்கு உண்டு?

பாரதத்தில் இதற்கொரு பதில் இருக்கிறது, நாம் அதிகம் பேசாத பதில். திரௌபதி கேட்டபோது சபையில் ஒருவன் எழுந்தான். துரியோதனனின் தம்பி விகர்ணன். பணயம் செல்லாது, இவளை வென்றதாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்று தன் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். பின்னர் போர் வந்தது. விகர்ணன் பாண்டவர் பக்கம் ஓடிவிடவில்லை. கௌரவர் படையில் நின்று போரிட்டு, பீமன் கையால் இறந்தான். சபையில் எதிர்த்தவன்தான் களத்திலும் உடன் நின்றான். எதிர்த்துப் பேசுவது துரோகம் அல்ல என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்று அவன் பேச்சைக் கேட்டிருந்தால் குலமே மிஞ்சியிருக்கும். கௌரவர் நாட்டை அழித்தது விகர்ணனின் பேச்சு அல்ல, பீஷ்மரின் மௌனம்.

சபை என்று சொல்லும்போது உள்ளே யார் இருக்கலாம் என்பதும் கேள்விதான். இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் மக்கள் 2023இல் தாக்கப்பட்டார்கள். தகராறு முற்றி, ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் அவர்கள் போலீஸ் காவலோடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சபையில் நீதி கேட்டவளின் சன்னிதிக்குள் நுழையவே நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. தேசபக்தியைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் இந்தக் கோயில் வாசலிலிருந்து தொடங்கலாம்.

தெருக்கூத்தில் பெண் வேடத்தை ஆண்கள் கட்டுவதுதான் மரபு. திரௌபதியின் கேள்வியைக்கூட நாம் காலங்காலமாக ஆண் குரலில்தான் கேட்டு வந்திருக்கிறோம். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் சேர்ந்து கூத்துப் படித்தார்கள். வேடம் கட்டி, இரவு முழுக்க ஆடி, அரசவையை நிறுத்திக் கேட்கும் பெண்கள் இப்போது இருக்கிறார்கள். கேள்வி பழையதுதான். அதைப் பெண் குரலில் கேட்பது நமக்குப் புதிது. கேட்கிறவளை உட்காரச் சொல்வதற்கு முன், பீஷ்மர்கள் ஒருமுறை பதில் சொல்லிப் பார்க்கட்டும்.